சிந்திய சோறும் வெள்ளி மோதிரமும்

“அக்கா, என் பையைக் கவுத்துக் கொட்டிட்டாங்க.”

இதைச் சொல்லிவிட்டு வினோதா கடை முக்காலியில் உட்கார்ந்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடச் சுதாகரனுக்குக் கொஞ்சம் மனசு ஆறியிருக்கும். வட்டவளைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளான லயங்களில், அவன் வீட்டுக்கு இரண்டு லயம் தள்ளி அவள் வீடு. பஸ் ஸ்டாண்டில் மழையில் நனைந்துகொண்டு நின்றவளைத் தன் ஆட்டோவில் ஏற்றி, நேராகச் சண்முகவடிவின் கடைக்குக் கொண்டுவந்திருந்தான்.

சண்முகவடிவு ஹட்டனில் கடிகாரம் பழுது பார்ப்பவள். நாற்பத்தைந்து வயது. ஓடாத கடிகாரத்தோடு வருகிறவர்களைவிட, தொலைந்த பொருளைத் தேடியும் தீராத சந்தேகத்தோடும் வருகிறவர்கள்தான் அவளிடம் அதிகம். அப்படிப்பட்டவர்களை ஏற்றி இறக்கியே சுதாகரனும் தன்னைப் பாதித் துப்பறிவாளன் என்று நினைத்துக்கொண்டிருந்தான்.

“யாரு கொட்டினது? எதுக்கு?” கண்ணிலிருந்த பூதக்கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே சண்முகவடிவு கேட்டாள்.

“நகை செய்யப் பழகுற வகுப்புலக்கா. ரஜனி மிஸ் செஞ்ச வெள்ளி மோதிரத்தைக் காணோம். நான்தான் எடுத்தேன்னு சொல்றாங்க. நாலு மணிக்குள்ள கொண்டாந்து வைக்கலேன்னா பொலிசுக்குப் போவாங்களாம்.”

“லயத்துப் பிள்ளைன்னா திருடிதான், அப்படித்தானே!” சுதாகரன் மேசையில் ஓங்கிக் குத்தினான். பழுதுக்கு வந்த கடிகாரங்கள் குதித்தன. “இவளுக்கு நாளைக்குப் பிள்ளைக்காம்பரா வேலைக்கு நேர்முகம், வடிவக்கா. தோட்டத்துக் கைக்குழந்தைகளைப் பார்த்துக்கிற வேலை. ஒருத்தி மேல திருட்டுன்னு பேர் விழுந்துட்டா எவன் பிள்ளையைக் கையில குடுப்பான்?”

“பொலிஸ் வரைக்கும் போகவே வேணாம் அண்ணே,” என்றாள் வினோதா. “என்னை வகுப்புல சேர்த்துவிட்டது தோட்டத்து நலன்புரி அதிகாரி மிஸ். நாளைக்கு ஆள் எடுக்கப் போறதும் அவங்கதான். டீச்சர் அவங்களுக்குப் போன் போட்டுச் சொல்லிட்டாங்க.”

அட பாவிகளா என்று சுதாகரன் முனகினான். சண்முகவடிவு அவன் பக்கம் திரும்பவில்லை. “மொதல்ல இருந்து சொல்லும்மா. ஒன்னையும் விடாம சொல்லு.”

வினோதா சொன்னாள். துணிக்கடைக்கு மேல் மாடியில் ஞாயிற்றுக்கிழமை வகுப்பு. சொல்லித் தருபவர் யாழ்ப்பாணத்துக் கௌசி டீச்சர். பழகுகிறவர்கள் மூன்றே பேர்: வினோதா, வங்கியில் வேலை செய்யும் ரஜனி மிஸ், அந்தக் கட்டடத்து முதலாளி மகன் ஜெயகாந்தன்.

“ஆளுக்கு ரெண்டு செப்பு மோதிரம் செஞ்சு காட்டணுங்க்கா. சும்மா பட்டை மோதிரம். அதுக்கப்பறம்தான் வெள்ளியில கை வைக்கலாம். தகட்டை வளைச்சு, முனை ரெண்டும் விலகாம இருக்க இரும்புக் கம்பியால கட்டி, வெங்காரம் தடவி, வெள்ளிப் பொடி வச்சு நெருப்பை ஊதணும். பொடி உருகி ஒட்டிக்கும். சூட்டுல மோதிரம் கறுத்துப் போவும். அந்தக் கறுப்பு போக அமிலத் தொட்டியில போட்டு எடுக்கணும். இன்னைக்கு ரஜனி மிஸ் மொத தடவையா வெள்ளியில ஊதினாங்க. டீச்சர் கைதட்டினாங்க. அப்ப மிஸ்ஸுக்குப் போன் வந்துச்சு. மோதிரத்தை ஊதுற செங்கல்லு மேலயே ஆற விட்டுட்டு வெளிய போனாங்க. இருபது நிமிசம் கழிச்சு வந்து பார்த்தா இல்ல.”

“அந்த இருபது நிமிசமும் நீ என்ன செஞ்ச?”

“பழைய செப்பு மோதிரம் எல்லாம் மங்கிப் போச்சுன்னு டீச்சர் எல்லாத்தையும் காலையிலேயே தொட்டியில போட வச்சாங்க. அதை நான் எடுத்துக் கழுவித் தட்டுல அடுக்கினேன். ஒரு மோதிரத்துல கம்பியை அவுக்காமயே போட்டிருந்தாங்க. ஜெயகாந்தன் அண்ணன் எப்பவும் மறந்துடுவாரு. நான்தான் அறுத்துக் குப்பையில போட்டேன்.”

“தொட்டித் தண்ணி என்ன நிறம்?”

வினோதா முழித்தாள். “மொத வகுப்புல வெறும் தண்ணி மாதிரிதான் இருந்துச்சு. இப்ப நல்ல நீலம்.”

இதென்ன கேள்வி என்று சுதாகரனுக்கு எரிச்சல். ஒரு பிள்ளையின் பிழைப்பே போகப் போகிறது, இவளானால் தண்ணீரின் நிறம் கேட்டுக்கொண்டிருக்கிறாள். “பொறப்படுங்கக்கா, மணி மூணு ஆவுது!” என்று அவசரப்படுத்தினான். சண்முகவடிவு பூதக்கண்ணாடியையும் சின்ன அரமொன்றையும் கைப்பையில் போட்டுக்கொண்டு, நிதானமாகக் கடையைப் பூட்டினாள்.

மாடி அறைக் கதவு திறந்துதான் கிடந்தது. உள்ளே கால் வைத்த சுதாகரன் அப்படியே நின்றுவிட்டான். தரையில் சோறு. செய்தித்தாள் கிழிந்து, தேங்காய்ச் சம்பலும் கீரையும் கலந்த சோறு மேசைக்காலைச் சுற்றிச் சிதறிக் கிடந்தது. வினோதாவின் பையிலிருந்து கொட்டியது; விடிவதற்கு முன் எழுந்து அவள் அம்மா கட்டிக் கொடுத்தது. மூன்று பேர் இரண்டு மணி நேரமாக அதைத் தாண்டித் தாண்டி நடந்திருக்கிறார்கள், ஒருவருக்கும் குனிய முடியவில்லை.

“நீங்கள் ஆர்?” என்றார் கௌசி டீச்சர்.

“கடிகாரக் கடை வடிவு. இந்தப் பிள்ளைக்காக வந்திருக்கேன். நாலு மணிக்கு இன்னும் நேரம் இருக்குதானே. சும்மா பார்த்துட்டுப் போறேன்.”

“பாக்கிறதுக்கு என்ன இருக்கு? இந்த அறைக்குள்ள நாலு பேர்தான் இருந்தனாங்கள். மோதிரம் கிடந்த இடத்துக்குப் பக்கத்தில நிண்டவ இவ. நான் ஒருத்தரையும் வேணுமெண்டு குற்றம் சொல்லேல்ல.”

“பின்னே எதுக்குங்க பையைக் கொட்டினீங்க?” சுதாகரன் பாய்ந்தான். “தலைமுடியை அவுக்கச் சொன்னீங்களாமே? கீழ்க் கடைக்காரனெல்லாம் படியில நின்னு வேடிக்கை பார்த்தானாமே? மத்தவங்க பையையும் கொட்டினீங்களா?”

மூலையில் உட்கார்ந்திருந்த ரஜனி எழுந்தார். அழுது அழுது கண் வீங்கியிருந்தது. “அது என்ர அம்மான்ர கொலுசு. உருக்கித் தகடாக்கி எடுத்தனான். அவ போய் மூண்டு வருசம். எனக்கு மோதிரம் வேணும், அவ்வளவுதான். ஆரும் பொலிசுக்குப் போக வேணுமெண்டு நான் கேக்கேல்ல.”

அந்த அழுகையைப் பார்த்துச் சுதாகரனுக்கும் கொஞ்சம் இரக்கம் வந்தது. அது வந்ததற்காகவும் கோபம் வந்தது.

சண்முகவடிவு சோற்றை மிதிக்காமல் சுற்றிப் போய் ஊதும் மேசையைப் பார்த்தாள். ஒரே ஒரு செங்கல். சன்னலோரம் கண்ணாடித் தொட்டியில் நீலத் தண்ணீர், பக்கத்தில் பித்தளை இடுக்கி. அதற்கடுத்து ஒரு வெள்ளைப் பீங்கான் தட்டில், மேலே மூன்றும் கீழே நான்குமாகச் செப்பு மோதிரங்கள், பளபளவென்று. குப்பைக் கூடையைக் கிளறி ஒரு துண்டுக் கம்பியை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டாள்.

“ரஜனி மிஸ் ஊதின பிறகு இந்தச் செங்கல்லுல யாரு ஊதினது?”

“நான்தான், ஒரு செப்புத் துண்டுல பழகினேன்,” என்றான் ஜெயகாந்தன். இருபத்தைந்து வயது, இஸ்திரி கலையாத சட்டை. “ஆனா நான் வரும்போது செங்கல்லுல ஒன்னுமே இல்ல. இவ பையை டீச்சர் கொட்டச் சொன்னப்ப நான்தானே பிடிச்சேன். நல்லாத் தேடிட்டோம்.”

“நீங்க பிடிச்சீங்களா?”

“ஆமா. இங்க பாருங்க, இதைப் பெருசு பண்ணாதீங்க. ஒரு மோதிரம்தானே? எங்க அப்பாகிட்டச் சொல்லிப் புதுசா வெள்ளி வாங்கிக் குடுத்துடுறேன். அமிலத்துல கரைஞ்சு போன சாமானை இனி யாரால திருப்பித் தர முடியும்?”

பெரிய தர்மவான் என்று சுதாகரன் பல்லைக் கடித்தான். சண்முகவடிவோ சிரித்தே விட்டாள்.

“உட்காருங்க தம்பி. எல்லாரும் உட்காருங்க. வினோதா, நீ என் பக்கத்துல உட்காரு.” கம்பித் துண்டை மேசையில் வைத்தாள். “மோதிரம் அமிலத்துல கரைஞ்சு போச்சுன்னு உங்ககிட்ட யாரு சொன்னது? இவ்வளவு நேரமா எல்லாரும் திருட்டைப் பத்தித்தான் பேசினோம். அது தொட்டிக்குள்ள போச்சுன்னு இங்க ஒருத்தர் வாயிலயும் வரல.”

ஜெயகாந்தன் முகம் வெளுத்தது. “சும்மா... அப்படி நடந்திருக்கலாமேன்னு சொன்னேன்.”

“டீச்சர், இந்த அமிலம் வெள்ளியைக் கரைக்குமா?”

“இல்லை. இது கறுப்பை எடுக்க மட்டும்தான். கிழமைக் கணக்கில கிடந்தாலும் வெள்ளி கரையாது.”

“இது உங்களுக்குத் தெரியும், தம்பிக்குத் தெரியாது. அதான் விசயமே. சரி, ஆளுக்கு ரெண்டு செப்பு மோதிரம், மூணு பேர். தட்டுல எத்தனை இருக்கணும்?”

“ஆறு,” என்றார் ரஜனி.

“சுதா, எண்ணு.”

சுதாகரன் எண்ணினான். மறுபடி எண்ணினான். “ஏழு இருக்குக்கா!”

“இப்ப ஒவ்வொன்னா ஒட்டின இடத்தைப் பாரு.” பூதக்கண்ணாடியை நீட்டினாள். “செப்பை வெள்ளிப் பொடி வச்சு ஒட்டினா, ஒட்டின இடத்துல முடி மாதிரி ஒரு வெள்ளைக் கோடு தெரியும்.”

ஒன்று, கோடு. இரண்டு, கோடு. அவன் ஆறு மோதிரத்தில் கோட்டைப் பார்த்தான். கீழ் வரிசையில் கடைசியாக இருந்ததை எப்படித் திருப்பினாலும் கோட்டைக் காணோம். முழுக்க முழுக்கச் செம்பு நிறம்.

டீச்சர் கையால் வாயைப் பொத்திக்கொண்டார். “கடவுளே... இரும்பு!”

“ஆமாங்க, இரும்பு. நீங்க சொல்லிக் குடுத்த மொத பாடம் அதுவாத்தான் இருக்கணும், இல்லேன்னா பித்தளை இடுக்கி எதுக்கு? மாசக் கணக்கா செப்பைக் கழுவிக் கழுவி இந்தத் தண்ணியில செம்பு ஊறிக் கிடக்கு. அதனாலதான் நீலம். இதுல இரும்பு பட்டுச்சுன்னா, தண்ணியில இருக்கிற செம்பு அந்த இரும்பைத் தொட்டுக்கிட்டு இருக்கிற வெள்ளி மேல போய்ப் படியும். நானும் ஒரு தடவை இரும்பு இடுக்கியைப் போட்டு ஒருத்தரோட வெள்ளிக் கடிகாரக் கூட்டைச் செம்பாக்கிட்டு, திட்டு வாங்கியிருக்கேன். ரஜனி மிஸ், நீங்க போனை எடுத்துக்கிட்டுப் போகும்போது கம்பியை அவுத்தீங்களா?”

“இல்லை. சுட்டுது. ஆறட்டும் எண்டு விட்டனான்.”

“தம்பிக்குச் செங்கல் வேணும், காத்திருக்கப் பொறுமை இல்ல. கம்பியோட தூக்கித் தொட்டிக்குள்ள போட்டுட்டாரு. தெரியாம செஞ்சதுதான், பழகுறவங்க யாரும் செய்யக்கூடிய பிழை. அப்பறம் தேடல் ஆரம்பிச்சப்ப நைசாத் தொட்டியை எட்டிப் பார்த்திருப்பாரு, வெள்ளியைக் காணோம். கரைஞ்சே போச்சுன்னு பயந்துட்டாரு. அதுக்குள்ள இந்தப் பிள்ளை அதை எடுத்து, கம்பியை அறுத்து, கழுவி, உங்க எல்லார் கண்ணு முன்னாடியும் தட்டுல வச்சிருக்கா.”

அரத்தை எடுத்து அந்த ஏழாவது மோதிரத்தின் உள்பக்கம் ஒரே ஒரு இழுப்பு இழுத்தாள். செம்பு உரிந்து, உள்ளே வெள்ளி பளிச்சென்று தெரிந்தது. ரஜனி அதை இரண்டு கையாலும் வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“அப்பாடா,” என்றார் கௌசி டீச்சர். “கிடைச்சிட்டுது. இனி ஒரு பிரச்சினையும் இல்லை. எல்லாரும் இதை மறந்திடுவம்.”

“எப்படிங்க மறக்கிறது?” சுதாகரன் கத்தியது கீழ்க் கடை வரை கேட்டிருக்கும். “இவன் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதும்! தான் செஞ்சது தெரிஞ்சும் நின்னான். தெரிஞ்சும் அவ பையைத் தன் கையால பிடிச்சான்! டீச்சர், தொட்டியில இரும்பு படக் கூடாதுன்னு சொல்லிக் குடுத்தவங்க நீங்க. தட்டுல ஆறா ஏழான்னு எண்ணிப் பார்த்தீங்களா? லயத்துப் பிள்ளை பை ஒன்னுதான் கண்ணுல பட்டுச்சு!”

டீச்சர் தலை குனிந்தார். “பிழை என்னிலதான்,” என்றார் மெதுவாக. ஜெயகாந்தன் சட்டைப் பையில் கைவிட்டு ஆயிரம் ரூபாய்த் தாளொன்றை எடுத்தான். சண்முகவடிவு பார்த்த பார்வையில் அது திரும்ப உள்ளே போய்விட்டது.

வினோதா எழுந்தாள்.

“டீச்சர், நலன்புரி மிஸ்ஸுக்குப் போன் போடுங்க. இப்பவே. எல்லாருக்கும் கேக்கிற மாதிரி போடுங்க.”

போட்டார். மறுமுனையில் குரல் வந்ததும், மோதிரம் வகுப்பிலேயே இருந்ததென்றும், வினோதா எடுக்கவில்லையென்றும், தான் அவசரப்பட்டுப் பழி சொன்னதாகவும் சொன்னார். “யாரு தப்பு செஞ்சதுன்னும் சொல்லுங்க,” என்றாள் வினோதா. அதையும் சொன்னார். “நாளைக்குக் காலையில எட்டு மணிக்கே வந்துடச் சொல்லுங்க அந்தப் பிள்ளையை” என்று மறுமுனையிலிருந்து பதில் வந்தது.

சுதாகரனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. “வா வினோதா, போவோம்” என்று கூப்பிட்டான்.

அவள் நகரவில்லை. “சொல்லியிருந்தா ஒன்னும் ஆகியிருக்காதே அண்ணே,” என்றாள் ஜெயகாந்தனைப் பார்த்து. “ஏன் சொல்லல?”

“பயந்துட்டேன். உன்னைன்னா... யாரும் பெருசா...”

“புரியுது.” கிழிந்த செய்தித்தாளை எடுத்து அவன் கையில் கொடுத்தாள். “எங்கம்மா கட்டிக் குடுத்த சோறு. அள்ளுங்க.”

அவன் டீச்சரைப் பார்த்தான், ரஜனியைப் பார்த்தான். ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. கடைசியில் இஸ்திரிச் சட்டையோடு முழங்காலில் உட்கார்ந்து அள்ள ஆரம்பித்தான். வினோதா கையைக் கட்டிக்கொண்டு நின்று பார்த்தாள். தாளை மடித்துக்கொண்டு அவன் எழுந்திருக்கப் போனான்.

“மேசைக்கு அடியில இன்னும் கெடக்கு,” என்றாள்.