படி தாண்டாத களவு

"நாலு பாஸ்போட்டையும் காணேல்லை, தங்கச்சி," என்றார் சீவரத்தினம். மோட்டார் சைக்கிளை விட்டு இறங்கியவர் தலைக்கவசத்தைக் கழற்ற மறந்து விறாந்தை வரைக்கும் வந்துவிட்டார்.

"அதைக் கழட்டிப்போட்டு இருந்து கதையுங்கோ, அண்ணை," என்றாள் தயாளினி.

மானிப்பாயில் அவளைத் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் பொலிஸுக்குப் போக விரும்பாதவர்கள். காப்புறுதிக் கம்பனி ஒன்றில் நெடுங்காலம் விசாரணை அலுவலராக இருந்தவள் அவள். எரிந்த கடைகளையும் மூழ்கிய படகுகளையும் பார்த்துப் பார்த்து, எது தானாக நடந்தது, எது நடத்தப்பட்டது என்று பிரித்தறியப் பழகியிருந்தாள். கேள்விக்குப் பதில் வந்த பிறகும் அவள் பேசாமல் இருப்பாள். அந்த மௌனத்தைத் தாங்கமுடியாமல் ஆட்கள் இன்னும் கொஞ்சம் சொல்லிவிடுவார்கள். அவளுக்கு வேண்டியது பெரும்பாலும் அதற்குள்தான் இருக்கும்.

"இண்டைக்குப் பின்னேரம் எங்களை ஏத்த வான் வருது," என்றார் சீவரத்தினம். "நாளைக்குக் கொழும்பிலை கப்பல் ஏற வேணும். மாலைதீவுக்குப் போய்த் திரும்புற கப்பல். ஒரு வருசமாத் திட்டம் போட்ட பயணம்."

அவள் பேசவில்லை.

"மகன் லக்ஷனுக்குப் பேராதனைக் கம்பஸ் கிடைச்சிருக்கு. அடுத்த வருசம் மகள் கஜந்தினியும் போயிடுவாள். பேந்து நாங்கள் நாலு பேரும் ஒண்டா எங்கை போறது? மனிசி குணலட்சுமி சின்னனிலை, சண்டைக்காலத்திலை, கிளாலிக் கடலாலை இருட்டுக்கை வள்ளத்திலை வந்தவள். அதுக்குப் பிறகு கடல்தண்ணியிலை கால் நனைச்சதில்லை. இந்தக் கப்பலுக்கு அவளே ஓமெண்டு சொன்னவள்."

"ஆரிலை சந்தேகம்?"

அவர் தலைக்கவசத்தை மடியில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். "என்ரை மகளிலை. அவள்தான் எண்டால் எனக்குத் தெரிய வேணும், ஊருக்குத் தெரியக்கூடாது. ஆனால் பின்னேரத்துக்கிடையிலை அது வந்திட வேணும், தங்கச்சி."

வாசலில் றொகான் ஏற்கெனவே ஓட்டோவை ஸ்டார்ட் செய்திருந்தான். குருநகர்க்காரன், கத்தோலிக்கன். முதலில் தயாளினியை ஏற்றி இறக்கத்தான் வந்தான். இப்போது அவளுடைய வழக்குகளில் அபிப்பிராயமும் சொல்லுகிறான், அதற்குத் தனியாக வாடகை கேட்பதில்லை.

"எங்கடை ஆக்களெண்டால் அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தியிருப்பினம், அக்கா," என்றான் பண்டத்தரிப்புக்குப் போகும் வழியில். "துலைஞ்ச சாமான் வந்திடும். பிறகு உங்களுக்கு வேலையில்லை, எனக்கும் ஓட்டமில்லை."

"அப்ப கொளுத்தாமல் இரு."

சீவரத்தினத்தின் வீட்டு ஹோலில் நான்கு சூட்கேசுகள் பூட்டப்பட்டு வரிசையாக நின்றன. ஒன்றின் மேல் குணலட்சுமி புதிதாக வாங்கிய வெயில் தொப்பி, விலைத் துண்டு கிழிக்காமல் இருந்தது. ஹோலின் நடுச் சுவரில் சாமியறைக்கு வாசல். அந்தச் சின்ன அறைக்கு யன்னல் கிடையாது. உள்ளே படங்களுக்கு முன்னால் ஒரு பலகை, இரண்டு குத்துவிளக்கு, திருநீற்றுத் தட்டம், சந்தனக் கிண்ணம்.

"நேற்றுப் பொழுதுபட விளக்கு வைச்சிட்டு, பாஸ்போட் எல்லாத்தையும் ஒரு சீலைப்பையிலை போட்டுப் பலகையிலை வைச்சனான்," என்றாள் குணலட்சுமி. "பயணம் நல்லபடியா முடிய வேணுமெண்டு. விடியப் பார்த்தால் பையைக் காணேல்லை."

"கதவுகள்?"

"எல்லாம் திறாங்கு போட்டிருந்தது. பின்கதவு மட்டும் திறந்து கிடந்தது. லக்ஷன் கிணத்தடிக்குப் போனவன். ஒன்பது மணிக்கு முன்னம் எழும்பாத பொடியன், இண்டைக்கு விடியமுன்னம் எழும்பித் தலை தோய்ஞ்சிருக்கிறான். கப்பல் பயணம் செய்யிற வேலை!"

லக்ஷன் சுவரோடு சாய்ந்து நின்றான். தலை இன்னும் முழுதாகக் காயவில்லை. தாயின் பகிடிக்கு அவன் சிரிக்கவில்லை.

"ஆர் முதல் கண்டது?"

"நான்," என்றாள் கஜந்தினி. கண்கள் வீங்கியிருந்தன, குரலில் அழுகை இல்லை, கோபம்தான் இருந்தது. "விளக்குக் கொளுத்தப் போனனான். முதல் ஃபோட்டோ எடுத்துப்போட்டுத்தான் அம்மாவைக் கூப்பிட்டனான். எல்லாரும் என்னைத்தான் சொல்லுவினம் எண்டு எனக்குத் தெரியும்."

"ஏன் உன்னைச் சொல்ல வேணும்?"

"நான்தானே பாஸ்போட்டைக் கிணத்துக்கை போடுறன் எண்டு கத்தினனான். அஞ்சு நாள் ஒரே அறையிலை, அப்பான்ரை குறட்டையோடை! தனி அறை கேட்டால் அண்ணா சிரிக்கிறான். உவன்தானே கப்பலுக்குக் கப்டன். உவனும் பெரியப்பாவும்தான் எல்லாம் பிளான் பண்ணினவை. எந்தத் தட்டிலை அறை, எங்கை நீச்சல் குளம், அம்மாவுக்கு மரக்கறிச் சாப்பாடு எங்கை கிடைக்கும், எல்லாம். ஆனால் நான் எடுக்கேல்லை."

"கிணத்துக்கையோ?" என்ற றொகான் அதற்குள் பாதாளக் கரண்டியைத் தேடிக்கொண்டு வெளியே போய்விட்டான்.

தயாளினி கஜந்தினியின் போனை வாங்கிப் படத்தைப் பெருப்பித்துப் பார்த்தாள். தட்டம் சரிந்து கிடந்தது. பலகையின் அடியிலிருந்து வாசற்படி வரைக்கும் தரையில் திருநீறு ஒரு கோடாக இழுபட்டிருந்தது. படியருகே ஒரு செவ்வரத்தம்பூ. கோட்டின் இரு பக்கத்திலும் தரை முழுக்கத் திருநீற்றுப் பொடி மெல்லியதாகப் படிந்திருந்தது, ஒரு காலடிகூட அதில் இல்லை. இப்போது தரை கூட்டித் துடைக்கப்பட்டிருந்தது.

"பை எந்த இடத்திலை இருந்தது எண்டு ஒவ்வொருத்தரா எனக்குக் காட்டுங்கோ," என்றாள்.

குணலட்சுமி உள்ளே போய்ப் பலகையைத் தொட்டுக் காட்டினாள். கஜந்தினியும் போய், இன்னும் கொஞ்சம் வலப்பக்கம் என்று தாயைத் திருத்தினாள். சீவரத்தினம் படங்களைக் கும்பிட்டுவிட்டுக் காட்டினார். லக்ஷன் வாசலில் நின்று கையை நீட்டி, "அதிலைதான்," என்றான்.

தயாளினி அவனைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு சுவரில் மாட்டியிருந்த ஒரு படத்தைப் பார்த்தாள். பனி கொட்டும் தெருவில், தடித்த கோட்டுக்குள் சீவரத்தினத்தின் சாயலில் ஒருவர் சிரித்துக்கொண்டு நின்றார்.

"என்ரை அண்ணை செல்வநாயகம்," என்றார் சீவரத்தினம். "கனடாவிலை. அப்பா போன பிறகு என்னைப் படிப்பிச்சது, கலியாணம் செய்துவைச்சது எல்லாம் அவர்தான். கப்பல் யோசனையே அவரின்ரைதான். கொஞ்சநாளா ஏலாமல் ஆஸ்பத்திரியிலை இருந்தவர். இப்ப சுகமாம் எண்டு லக்ஷன் சொன்னவன். உவன்தான் ஒவ்வொரு நாளும் அவரோடை கதைக்கிறவன்."

பின்வளவில் றொகான் வெற்றி முழக்கமிட்டான். அவள் போனபோது பாதாளக் கரண்டியில் நெளிந்த அலுமினிய வாளி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது.

"பாஸ்போட் இல்லை, அக்கா. ஆனால் வாளி கிடைச்சிருக்கு. அம்மா நெடுகத் தேடினதாம்."

"இஞ்சை வா," என்றாள் தயாளினி.

பின்கதவோரம் கூரைத் தாழ்வாரத்தின் கீழ் கொக்கத்தடி ஒன்று சாத்தியிருந்தது. மாமரமும் முருங்கையும் வளவின் மறுகோடியில் நின்றன. அவள் தடியைச் சரித்து நுனியிலிருந்த இரும்புக் கொக்கியைக் காட்டினாள்.

"மாங்காய் பிடுங்கியிருப்பினம்," என்றான் றொகான்.

"மாங்காயிலை சந்தனமோ?"

அவன் குனிந்து மணந்து பார்த்தான். முகம் மாறியது. "அக்கா, உதாலை கொழுவி எடுத்திருக்கினம். அப்ப வெளியாள்! பின்கதவும் திறந்து கிடந்ததுதானே."

"வெளியாள் இரண்டு குத்துவிளக்கையும் நாலு சூட்கேசையும் விட்டிட்டு, வீட்டுக்குள்ளை தடியோடை வந்து ஒரு சீலைப்பையை எடுத்தவனோ? அந்த அறைக்குக் கதவுமில்லை, பூட்டுமில்லை. இரண்டெட்டு வைச்சால் கையாலை எடுக்கலாம்."

"காலடி படக்கூடாதெண்டு..."

"திருநீறு கொட்டினதே தடியாலை இழுத்தபோதுதான். அதுக்கு முதல் காலடி படத் தரையிலை ஒண்டுமில்லை."

றொகான் தலையைச் சொறிந்தான். பிறகு தயங்கி, குரலைத் தாழ்த்தி, "பொம்பிளையள் சில நாளிலை சாமியறைக்குப் போறேல்லைத்தானே, அக்கா," என்றான்.

"நல்லாத்தான் யோசிச்சிருக்கிறாய். ஆனால் தாயும் மகளும் இண்டைக்கு உள்ளுக்குப் போனவை. நான் பார்த்தனான்."

அவள் கிணற்றுக் கட்டில் கைவைத்து நின்றாள். அவளுக்கு விடை தெரிந்துவிட்டது என்பது றொகானுக்கு விளங்கியது. ஆனால் வழக்கம்போல முகம் தெளியவில்லை. வெங்காயத் தோட்டத்துக்கு அப்பால் பேருந்து ஒன்று ஒலி எழுப்பிப் போய் மறையும்வரை அவள் அசையவில்லை.

"கேட்ட பொருளைக் குடுக்கிறதுதான் என்ரை வேலை," என்றாள் கடைசியில். "அதோடை வேறை ஒண்டும் வரப்போகுது, றொகான். அதை அவர் கேட்கேல்லை."

"குடுக்காமல் விடப்போறியளோ?"

"வானுக்குள்ளை ஏற முன்னம் அவருக்கு அது தெரிய வேணும்."

எல்லோரும் ஹோலில் கூடினார்கள். தயாளினி கொக்கத்தடியைச் சுவரில் சாத்திவிட்டு, சந்தனக் கறையையும் படத்திலிருந்த திருநீற்றுக் கோட்டையும் அவர்களுக்குக் காட்டினாள்.

"இதை எடுத்தது வீட்டு ஆள். கஜந்தினி இல்லை. அவள் எடுத்திருந்தால் விளக்குக் கொளுத்தப் போற சாட்டிலை கையாலையே எடுத்திருப்பாள். ஃபோட்டோவும் எடுத்திருக்கமாட்டாள்."

கஜந்தினி தகப்பனை நேராகப் பார்த்தாள். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"எடுத்த ஆள் உள்ளுக்குப் போகேல்லை. இப்பவும் போகேல்லை. நான் இடத்தைக் காட்டச் சொன்னபோது மூண்டு பேர் பலகையைத் தொட்டவை. ஒராள் மட்டும் வாசல்லை நிண்டு கைகாட்டினவர்."

"நான்தான் எடுத்தனான்," என்றான் லக்ஷன். "கிணத்தடி மோட்டர்க் கொட்டிலுக்கை கிடக்கு."

"நீயோ?" கஜந்தினி துள்ளி எழும்பினாள். "ஒரு வருசமா எங்கடை உயிரை எடுத்தது நீ! நீச்சல் குளம், நீச்சல் குளமெண்டு! விடியத்தொடக்கம் நான் பேச்சு வாங்கிறன், நீ பார்த்துக்கொண்டு நிக்கிறாய்?"

"மன்னிச்சுக்கொள், கஜி."

"ஏனடா தம்பி?" என்றாள் குணலட்சுமி. "உனக்கென்ன விசரே?"

"அதைக் கேட்காதேங்கோ, அம்மா. எனக்குச் சொல்லேலாது."

தயாளினி மேற்கொண்டு எதுவும் சொல்லவில்லை. றொகானால்தான் பொறுக்கமுடியவில்லை. "எனக்கு விளங்கேல்லை. எடுக்கிறதெண்டால் போய் எடுக்கிறதுதானே? இரண்டெட்டு. ஏன் தம்பி உள்ளுக்குப் போகேல்லை?"

அந்தக் கேள்வி ஹோலின் நடுவில் நின்றது. ஒரு சைவ வீட்டில் அதற்கு விடை சொல்ல வெளியாள் தேவையில்லை. சீவரத்தினம் மகனுடைய ஈரத் தலையைப் பார்த்தார். சாமியறை வாசலைப் பார்த்தார். பிறகு மிக மெல்ல, "துடக்கு," என்றார்.

உறவில் ஒரு சாவு விழுந்தால் ஒட்டிக்கொள்ளும் தீட்டு அது.

"விடியமுன்னம் தோய்ஞ்சிருக்கிறான். சாமியறைப் படி தாண்டேல்லை. அவனுக்குத் துடக்கெண்டால் எனக்கும் துடக்கு." அவர் சுவரிலிருந்த படத்தின் பக்கம் திரும்பவில்லை. "அண்ணையோ, தம்பி?"

லக்ஷன் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றான். அதுவே போதுமாயிருந்தது. குணலட்சுமி வெயில் தொப்பியை எடுக்க மறந்து சூட்கேசின் மேல் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

"நான் ஒண்டும் சொல்லேல்லை, அப்பா."

"ஓம். நீ சொல்லேல்லை."

பிறகுதான் அவன் கதைத்தான். விடிய முன்னம், பயணம் சொல்லிக்கொள்ளப் பெரியப்பாவுக்குப் போன் எடுத்திருக்கிறான். எடுத்தது பெரியப்பாவின் மூத்த மகன். அழுதுகொண்டிருந்திருக்கிறான். கொஞ்சநேரத்துக்கு முன்னம்தான் உயிர் போனதாம். "'தம்பியாக்கள் கப்பலாலை இறங்கின பிறகு சொல்லுங்கோ, பயணத்தைக் குழப்பாதேங்கோ' எண்டு பெரியப்பா தானாம் கேட்டவர். அண்ணா என்னட்டைச் சத்தியம் வாங்கிப்போட்டார். ஆரிட்டையும் சொல்லமாட்டன் எண்டு. ஆனால் அங்கை பெரியப்பான்ரை உடலை எடுக்கேக்கை நீங்கள் கப்பல்லை பாட்டுக் கேட்டுக்கொண்டு இருப்பியள். பேந்து தெரிஞ்சால் நீங்கள் சாகுமட்டும் அதை நினைப்பியள். பாஸ்போட் இல்லாட்டி வீட்டிலை இருப்பியள் எண்டு நினைச்சன்."

"சாமியறைக்குப் போகாமல் விட்டது?" என்று கேட்டாள் தயாளினி.

"உதுகளிலை எனக்கு நம்பிக்கையில்லை எண்டுதான் நெடுகச் சொல்லுறனான்," என்றான் அவன். "வாசல்லை போய் நிண்டன். கால் வைக்க ஏலேல்லை."

குணலட்சுமியின் வாயிலிருந்து ஒரு சத்தம் எழும்பியது. சீவரத்தினம் கையை உயர்த்தினார்.

"பொறு. இப்ப அழாதை. ஒருத்தரும் அழாதேங்கோ." அவர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "தங்கச்சி, நீங்கள் போறபோது அந்த வான்காரனுக்கு ஒருக்காச் சொல்லிவிடுங்கோ. நாங்கள் வரேல்லை எண்டு."

"நான் சொல்லுறன், ஐயா," என்றான் றொகான்.

"ஆருக்கு அப்பா எடுக்கிறியள்?" லக்ஷன் பதறினான். "அங்கை இப்ப நடுச்சாமம். நான் சொல்லிப்போட்டன் எண்டு நினைப்பினம்."

"இண்டைக்கு அங்கை ஒருத்தரும் நித்திரை கொள்ளமாட்டினம்." அவர் நாற்காலியில் நிமிர்ந்து இருந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார். முகத்தைத் துண்டால் ஒருமுறை அழுத்தித் துடைத்தார். "நீ சத்தியம் பண்ணினனீ. அது அப்படியே இருக்கட்டும். அவையாகச் சொல்லட்டும்."

மணி அடித்தது. நெடுநேரம் அடித்தது. மறுமுனையில் ஒரு இளைஞனின் குரல் கேட்டதும் சீவரத்தினம் சிரிப்பைப்போல ஒன்றைக் குரலில் வரவழைத்தார். அதை அவர் எங்கிருந்து எடுத்தார் என்று தயாளினிக்குத் தெரியவில்லை.

"தம்பி, நான் சித்தப்பா. எங்கடை கப்பல் பயணம் சரிவரேல்லையடா. உன்ரை சித்திக்குத் தண்ணியெண்டால் பயம்தானே, கடைசி நேரம் மாட்டனெண்டு நிக்கிறாள். நாங்கள் வீட்டிலைதான். அண்ணையிட்டை ஒருக்காச் சொல்லுவமெண்டு எடுத்தனான். போனைக் குடன்."

குணலட்சுமி சேலைத் தலைப்பை வாய்க்குள் திணித்துக்கொண்டாள். கஜந்தினி தமையனின் கையைப் பிடித்தாள். மறுமுனையிலிருந்து ஒன்றும் வரவில்லை.

சீவரத்தினம் கண்களை மூடிக்கொண்டார்.

"என்ன தம்பி, பேசாமல் நிக்கிறாய்?" என்றார். "சொல்லு. நான் கதிரையிலை இருந்துகொண்டுதான் கேட்கிறன்."