இருவாச்சி போன திசை

"மரம் கிடைச்சா, கட்டுரையில முதல் பேர் என் பேரா இருக்கணும் சார்."

ஒச்சம்மாள் கேட்டேவிட்டாள். ஆராய்ச்சிக் கூடத்தில் சேர்ந்த முதல் நாளே சீனியர்கள் சொல்லியிருந்தார்கள்: தணிகாசலம் சாரிடம் லீவு கேள், கூடாரம் கேள், பேரை மட்டும் கேட்காதே.

தணிகாசலம் சிரித்தார். "மூணு தடவை ஆளுங்களோட போய் வெறுங்கையோட வந்திருக்கேன். நீ கண்டுபிடிச்சுட்டு வாம்மா. முதல் பேர் உனக்குத்தான்."

மேஜையில் ஒரு பழைய வரைபடம். அருவிக்கு மேற்கே சிவப்புப் புள்ளி. அங்கே ஒரு காட்டு ஜாதிக்காய் மரம். அந்த இனம் நாற்பது வருடமாக யார் கண்ணிலும் பட்டதில்லை.

மறுநாள் விடிந்ததும் மலையேறியவர்கள் இரண்டே பேர்: ஒச்சம்மாள், வேட்டைத் தடுப்புக் காவலர் மயிலாத்தா. சிவப்புப் புள்ளியில் அவர்களுக்காகக் காத்திருந்தது மட்கிய ஒரு அடிமரம்! திரும்பும் வழியில் ஓடையில் வழுக்கி மயிலாத்தாவுக்குக் கணுக்கால் பிசகியது.

"எனக்கு இந்தப் பாறையே போதும் அம்மிணி. அரிசி இருக்குது, கருவாடு இருக்குது. மூணு நாள் பார்ப்பேன். நாலாம் நாள் வயர்லெஸ்ல சொல்லிப்போடுவேன், புள்ளைய ஆனை மிதிச்சுருச்சுன்னு."

"மிதிச்சா ஆனைக்குத்தான் கால் வலிக்கும்க்கா."

"வாய் மட்டும் இல்லீன்னா உன்னைய நாய் தூக்கிட்டுப் போயிரும்!"

ஒச்சம்மாள் தனியாகவே மரத்தைத் தேடி மறுபடி மேலே ஏறினாள். அதற்குப் பிறகு பேச ஆளில்லை.

கொஞ்ச தூரம் போயிருப்பாள். தலைக்கு மேல் நீராவி ரயில் மூச்சு விடுவதுபோல் ஒரு சத்தம். பெரிய இருவாச்சி! ஆண் பறவை ஒரு மரப்பொந்தின் முன் வந்து தொற்றியது. உள்ளே பெண் பறவை, வாசலைப் பூசி அடைத்துக்கொண்டு, குஞ்சோடு. அலகு நுழைய ஒரு கீறல்தான் மிச்சம். அதன் வழியே ஆண் ஒவ்வொரு பழமாகக் கக்கி ஊட்டியது.

அது பறந்ததும் ஒச்சம்மாள் மரத்தடி எச்சத்தைக் கிளறினாள். அத்தி விதைகள், அத்தி விதைகள்... நடுவே கொட்டைப்பாக்கு அளவில் கறுப்பு விதைகள்! மேலே சிவப்பாக ஜாதிபத்திரி நார் ஒட்டியிருந்தது. பொறுக்கிப் பையில் போட்டுக்கொண்டாள். அவள் தேடும் ஜாதிக்காய். எங்கோ காய்த்து நிற்கிறது!

எல்லோரும் மரத்தைத் தேடினார்கள். அந்த மரத்தில் சாப்பிடுகிறவனை ஒருவரும் தேடவில்லை.

பறவை கண்ணுக்கு மறைந்த இடம்வரை நடந்தாள். அங்கேயே உட்கார்ந்தாள். அடுத்த முறை அது தலைக்கு மேல் போனபோது, மறுபடி மறைந்த இடம்வரை நடந்தாள். ஒரு நாளைக்கு ஐந்து முறைதான் அது போகும். மற்ற நேரமெல்லாம் காலில் அட்டை பிடுங்கும் வேலை. ஒரு தடவை மூங்கில் முறியும் சத்தம், யானை! பாறை இடுக்கில் மூச்சை அடக்கிக் கிடந்ததில் ஒரு நடை தவறிப்போனது.

மகள் என்ன படிக்கிறாள் என்று கேட்டால் ஊரில் அம்மா, "ஏதோ காட்டு ஆபீஸ்" என்பாள். விடுதியிலோ இவள் பேரைக் கேட்டதுமே சிரிப்பார்கள். இவளுக்காக இத்தனை தூரம் போய்வர ஒரு ஜீவனும் கிடையாது. பொந்துக்குள் இருப்பவள்மேல் எரிச்சலாக வந்தது. கொஞ்சம் அழுகையும் வந்தது. யார் பார்க்கப்போகிறார்கள் என்று அழுதுகொண்டாள்.

மூன்றாம் நாள் உச்சிவேளையில் இருவாச்சி கண்ணெதிரே இறங்கியது. மரம்! வெடித்த காய்களுக்குள் செக்கச்சிவந்த பத்திரி. பெண்மரம். காய்த்திருக்கிறது என்றால் பூச்சிகள் மகரந்தம் கொண்டுவந்திருக்கின்றன. எங்கோ ஓர் ஆண்மரமும் இருக்கிறது. அதுவும் தனியாகத்தான் நிற்கும். ஒச்சம்மாள் ஜி.பி.எஸ்.-ஸில் இடத்தைக் குறித்துக்கொண்டாள். பாறைக்குத் திரும்பி, நொண்டும் மயிலாத்தாவைத் தாங்கிக்கொண்டு மலை இறங்கினாள்.

"சபாஷ்!" ஆராய்ச்சிக் கூடத்தில் சேதியைக் கேட்டதும் தணிகாசலம் எழுந்தே நின்றுவிட்டார். "வெள்ளிக்கிழமை மரமேறிகளோட போறோம். விதை வங்கிக்கு ஒரு காய் விடாம இறக்கணும்."

"குஞ்சு வெளியே வர ஒன்றரை மாசம் ஆகும் சார். அந்தக் காயை நாம இறக்கிட்டா, வெறும் அத்தியை வச்சு ஆண் எப்படி ஊட்டும்? தாயும் குஞ்சும் பொந்துக்குள்ளயே காஞ்சு கிடக்கும். விதை வேணும்னா பொந்தடியிலேயே பொறுக்கலாம்." பதினோரு விதைகளை மேஜையில் வைத்தாள்.

"பறவைக்கு வேற பழமா இல்ல? மாசக் கடைசியில நான் ரிப்போர்ட் குடுக்கணும்." கட்டுரையின் முதல் தாளை அவள் பக்கம் தள்ளினார். "பார், உன் பேர்தான் முதல்ல. இடத்தைச் சொல்லு."

பார்த்தாள். அப்பாவின் இனிஷியலோடு அச்சில் அவள் பேர். வாழ்க்கையில் முதல் தடவை. நன்றாகத்தான் இருந்தது.

"அழிச்சுட்டேன் சார்."

"எதை?"

"ஜி.பி.எஸ்.ல குறிச்ச இடத்தை. மலை இறங்கும்போதே. காயை இறக்கத்தான் சொல்வீங்கன்னு தெரியும். வழி எனக்கு மட்டும்தான் தெரியும். குஞ்சு வெளிய வந்ததும் நானே கூட்டிட்டுப் போறேன்."

"வெளியே போனா திரும்ப உள்ளே வர முடியாது ஒச்சம்மா!"

வாசலில் அவள் பை கட்டித் தயாராக இருந்தது. ஒன்றரை மாதத்துக்கான அரிசி, கருவாடு. தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு மலையைப் பார்த்து நடந்தாள்.