மூன்று புகார் வந்தால்

எங்கள் நூலகத்துக்கு இணையத்தில் ஓர் ஓவியக் குழு உண்டு. என்னையும் சேர்த்து நாற்பத்திரண்டு பிள்ளைகள். யார் படம் அனுப்பினாலும் அது முதலில் என்னிடம்தான் வரும். நான் 'சரி' என்று அழுத்தினால்தான் மற்றவர்கள் பார்க்க முடியும்.

சம்பளமெல்லாம் கிடையாது. "யாரு அட்மினா இருக்கீங்க?" என்று நூலகர் அக்கா கேட்டதும், முந்திரிக்கொட்டை மாதிரி கையைத் தூக்கியது நான்தான். அன்றிலிருந்து எனக்குத் தலைகால் புரியவில்லை. அண்ணன்கூட என்னை "மேனேஜர் மேடம்" என்று கூப்பிட ஆரம்பித்தான். விதியையும் நானே எழுதினேன்: 'ஒருவர் மேல் மூன்று புகார் வந்தால், அவர் வெளியே!'

செவ்வாய்க்கிழமை மாலை ஐம்பத்தேழு செய்திகள் குவிந்து கிடந்தன. கணக்கு வீட்டுப்பாடமும் பாதியில் நின்றது. அப்போது பார்த்து 'ஊசி' என்ற பிள்ளை வரைந்த படத்துக்கு மூன்று புகார் வந்தன. தையல் மிஷின் மேல் பூனை ஒன்று தூங்கும் படம். பூனைக்கு ஒரு காது பாதிதான் இருந்தது.

"இது எங்கிருந்தோ சுட்டது!"

"சின்னப் பிள்ளை இவ்வளவு நல்லா வரையுமா?"

"காப்பி! காப்பி!"

ஊசியிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. நீக்கிவிட்டேன். அதோடு விட்டேனா? 'காப்பியடித்ததால் ஊசி நீக்கப்பட்டார்' என்று எல்லாரும் பார்க்கிற மாதிரி குழுவின் உச்சியில் போட்டேன். நாற்பது பேரும் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். எனக்கு ஒரே பெருமை.

சனிக்கிழமை அம்மா என்னைத் தையல் கடைக்குக் கூட்டிப்போனார். என் சீருடை குட்டையாகிவிட்டது. கடைக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டேன். மிஷின் மேல் ஒரு பூனை தூங்கியது. அதற்குப் பாதிக் காது. சுவர் முழுக்க, துணி வெட்டும் பழுப்புக் காகிதத்தில் அதே பூனையின் படங்கள்.

"இதெல்லாம் யாரு வரைஞ்சது?" என்று கேட்டேன்.

"என் பொண்ணுதான் பாப்பா," என்றார் தையல்காரர். "நாலு நாளா பென்சிலையே தொடல. ஏதோ குழுவுல காப்பியடிச்சான்னு போட்டுட்டாங்களாம். வகுப்புல பிள்ளைங்க அதையே சொல்லிக் கூப்பிடுறாங்க."

மூலையில் ஒரு சிறுமி பழைய சட்டையிலிருந்து பொத்தான் பிரித்துக்கொண்டிருந்தாள். எட்டு வயது இருக்கும். அவள் நிமிரவே இல்லை.

எனக்கு முகமெல்லாம் எரிந்தது. துணிக் குவியலுக்குள் புகுந்துகொள்ளலாம் போலிருந்தது.

"நேரா நில்லு பாப்பா, அளவெடுக்கணும். ஏன் இப்படிக் குனியிற?" என்றார் தையல்காரர்.

நீக்கியது நான்தான் என்று சொல்லவில்லை. அப்படியே வீட்டுக்கு வந்துவிட்டேன். அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

"என்ன மேடம், மூஞ்சி தொங்கிக் கிடக்கு?" என்றான் அண்ணன்.

"நான் ஒரு கழுதைண்ணா."

"அது தெரிஞ்ச விஷயம்தானே!"

ஊசியைச் சத்தமில்லாமல் திரும்பச் சேர்த்துவிடலாம். ஆனால் அவள் காப்பியடித்தாள் என்று நாற்பது பேர் படித்தார்களே! அதனால் அவளைத் திரும்பச் சேர்த்துவிட்டு, அதே இடத்தில், உச்சியில், எழுதினேன்: 'ஊசி காப்பியடிக்கவில்லை. அந்தப் பூனையை நான் கண்ணால் பார்த்தேன். கேட்காமல் நீக்கியது என் தப்பு. மூன்று புகார் விதியையும் எடுத்துவிட்டேன்.'

ஒரு கட்டைவிரல்கூட வரவில்லை. "நீயெல்லாம் ஒரு அட்மினா?" என்று ஒருவன் கேட்டான். அதை அழிக்க என்னால் முடியும். அழிக்கவில்லை.

திங்கட்கிழமை கடைக்குப் போய் அவள் முன்னால் நின்றேன். "உன்னை நீக்கினது நான்தான். மன்னிச்சுடு."

அவள் என்னை உற்றுப் பார்த்தாள். "கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே அக்கா," என்றாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

மறுநாள் ஊசியிடமிருந்து ஒரு படம் வந்தது. பூட்டிய வாசலில் ஒரு காவல்காரி வாயைப் பிளந்து தூங்குகிறாள். கையில் பெரிய சாவி. வெளியே பாதிக் காதுப் பூனை காத்திருக்கிறது. காவல்காரியின் மூக்கு நுனியில் ஒரு மச்சம். என் மூக்கிலும் அதே இடத்தில் மச்சம் உண்டு.

'சரி' என்று அழுத்தினேன்.

ஐந்தே நிமிடத்தில் மூன்று புகார். "அட்மினைக் கிண்டல் பண்றா! நீக்கு!"

மூன்று பேருக்கும் பதில் எழுதினேன்: "படத்துல தூங்குறது நான்தான். மச்சம்கூட சரியா இருக்கு. படம் இங்கேயே இருக்கும்."