ஒரே மீனா, இரண்டு மீனா?

"செல்லம், அவளைக் கொஞ்சம் நகர்ந்து உட்காரச் சொல்லு. படகு சாயுது" என்றாள் அன்னபாக்கியம்.

"செல்லம், நான் நல்லாத்தான் உக்காந்திருக்கேன்னு அவகிட்ட சொல்லு" என்றாள் ரசியா.

சம்பான் படகின் நடுவில் உட்கார்ந்திருந்த ஐந்து வயதுச் செல்லம், தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருந்தாள். "நீங்களே பேசிக்கங்களேன்! எனக்குக் கழுத்து வலிக்குது."

அன்னத்துக்கும் ரசியாவுக்கும் பத்து வயது. மலாயாவின் மெர்சிங்கில் அவர்கள் இருவரையும் தனித்தனியாகப் பார்த்தவர்கள் குறைவு. அன்னத்தின் அப்பா வைத்தியலிங்கம், யாழ்ப்பாணத்திலிருந்து வந்து அரசு ஆஸ்பத்திரியில் காயங்களுக்கு மருந்து கட்டும் டிரெசராக வேலை பார்த்தார். கிறிஸ்தவர். ரசியாவின் வாப்பா ருக்னுதீன், கடைத்தெருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார்.

1935ஆம் வருடம் டிசம்பரில் ரமலான் நோன்பும் கிறிஸ்துமசும் சேர்ந்து வந்தன. அதில்தான் சண்டை தொடங்கியது.

"உங்க கடவுளும் எங்க கடவுளும் ஒருத்தர்தானே?" என்று ஒருநாள் ரசியா கேட்டாள். இல்லை என்றாள் அன்னம். இருவரும் அவரவர் வீட்டில் போய்க் கேட்டார்கள். மறுநாள் வந்தபோது அன்னம், "ஆமா, ஒருத்தர்தானாம்" என்றாள். ரசியாவோ, "இல்லையாம், வேற வேறயாம்!" என்றாள்.

அவ்வளவுதான். ஒரு வாரமாகப் பேச்சில்லை.

இன்று கிறிஸ்துமசுக்கு முதல் நாள். ஆற்றின் அக்கரையில் இருந்த வீடுகளுக்குக் கேக் கொடுக்க அன்னம் போயிருந்தாள். பக்கத்து வீட்டுச் செல்லமும் ஒட்டிக்கொண்டாள். அக்கரையில் காய்ச்சலாகக் கிடந்த மாமிக்குத் தூக்குவாளியில் கஞ்சி கொண்டுபோயிருந்தாள் ரசியா. திரும்பும்போது மூவருக்கும் ஒரே படகுதான் கிடைத்தது.

படகுக்காரர் பாக் டோல்லா, கயிற்றைக் கரையிலிருந்த கட்டையில் கட்டிவிட்டு, யாரோ ஒருவருடைய தேங்காய் மூட்டையைத் தூக்கிவிடப் போனார். அது மழைக்காலம். ஆறு காப்பி நிறத்தில் புரண்டு ஓடியது. அந்த வெள்ளத்தில் மிதந்து வந்த பெரிய மரம் ஒன்று படகின் பக்கவாட்டில் மோதியது.

டமார்!

கயிறு அறுந்தது. படகு ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு ஆற்றோடு கிளம்பியது.

பாக் டோல்லா மூட்டையைப் போட்டுவிட்டு ஓடி வந்தார். "துங்கு! துங்கு!" என்று கத்தினார்.

செல்லம் ரப்பர் தோட்டத்திலிருந்து மெர்சிங்குக்கு வந்து இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. "அக்கா, அந்தத் தாத்தா ஏன் நம்மளத் தூங்கச் சொல்றாரு?"

"தூங்க இல்லடி! மலாயில 'நில்லுங்க'ன்னு சொல்றாரு!" என்றாள் ரசியா.

"நாம எங்க நிக்கிறது? படகுல்ல போகுது!"

ஆம், படகு போய்க்கொண்டேயிருந்தது. கரையிலிருந்த வீடுகள் சிறுத்தன. முன்னால் ஆறு முடிந்து கடல் தெரிந்தது. அங்கே அலைகள் வெள்ளை வெள்ளையாக எழும்பின.

"செல்லம், துடுப்ப எடுக்கச் சொல்லி அவகிட்ட…" என்று தொடங்கிய அன்னம் சட்டென்று நிறுத்தினாள். "ரசியா! துடுப்ப எடு!"

"எடுத்துட்டேன்!"

இருந்தது ஒரே துடுப்பு. இருவரும் சேர்ந்து பிடித்துத் தள்ளினார்கள். கரைப் பக்கம் திரும்ப வெள்ளம் விடவில்லை. அன்னம் சுற்றிலும் பார்த்தாள். ஆறு கடலில் சேரும் இடத்தில், மீன் பிடிப்பதற்காக வரிசையாகக் கம்புகள் நட்ட கேலோங் ஒன்று நின்றது. மழைக்காலம் என்பதால் அதில் ஆளில்லை.

"கரைக்குப் போக முடியாது. அந்தக் கம்புக்கு நேரா திருப்புவோம். பிடிச்சுக்கலாம்!"

"விட்டா?"

"விட்டா கடல்தான். விடாத!"

கை எரிய எரியத் துழாவினார்கள். படகு கேலோங்கில் போய் இடித்தது. ரசியா பாய்ந்து ஒரு கம்பைக் கட்டிப்பிடித்தாள். அறுந்த கயிற்றை அன்னம் எடுத்தாள். அது கம்பு வரைக்கும் எட்டவில்லை.

ரசியா ஒரு கையால் தன் தலைத்துணியை உருவி எறிந்தாள். "இதைச் சேர்த்துக் கட்டு!"

காயத்துக்குக் கட்டுப்போடும்போது அப்பா போடும் முடிச்சு அன்னத்துக்குத் தெரியும். கயிற்றையும் துணியையும் முடிந்து, கம்பில் மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டினாள். படகு இழுத்துப் பார்த்தது. முடிச்சு அசையவில்லை.

"அப்பாடா!" என்றார்கள் இருவரும் ஒன்றாக.

அப்போதுதான் மழை கொட்டத் தொடங்கியது. கரையே தெரியாமல் போயிற்று. தூக்குவாளியால் ரசியா தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே ஊற்றினாள். செல்லம் வாய்விட்டு அழுதாள்.

"அழாதடி. உனக்கு ஒரு கதை சொல்றேன்" என்றாள் அன்னம். "யோனான்னு ஒருத்தர் இருந்தார். கடவுள் அவரை ஒரு ஊருக்குப் போகச் சொன்னார். அவரு போகாம, வேற பக்கம் போற கப்பல்ல ஏறிட்டார். கடல்ல புயல் வந்தது. புயல் யாராலன்னு பார்க்கக் கப்பல்காரங்க சீட்டுப் போட்டாங்க…"

"அவரு பேருதான் வந்துச்சு. கடல்ல விழுந்தாரு. ஒரு பெரிய மீன் அவரை முழுங்கிருச்சு!" என்றாள் ரசியா.

அன்னம் வாயைப் பிளந்தாள். "எங்க கதை உனக்கு எப்படித் தெரியும்?"

"உங்க கதையா? இது எங்க யூனுஸ் நபி கதை!"

செல்லம் அழுகையை நிறுத்திவிட்டாள். "மீனு வயித்துக்குள்ள என்ன பண்ணினாரு?"

"கடவுளைக் கூப்பிட்டார்" என்றார்கள் இருவரும்.

"அப்புறம்?"

"மீன் அவரைக் கரையில துப்பிருச்சு" என்றாள் ரசியா. "அவரு மேல வெயில் படாம இருக்க அல்லாஹ் ஒரு சுரைக்கொடிய முளைக்க வச்சான்."

"சுரைக்கொடி இல்ல, ஆமணக்குச் செடி. அதுவும் அவர் ஊருக்குப் போய் வந்த பிறகு. அதை ஒரு பூச்சி அரிச்சிட்டுது."

"உங்க செடியப் பூச்சி தின்னுருச்சா? எங்க கொடி நல்லாத்தான் இருந்துச்சு!"

"ஆமணக்கு!"

"சுரை!"

செல்லம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "அக்கா, உங்க சாமியும் அவங்க சாமியும் வேற வேறன்னா, மீனும் ரெண்டா?"

ரசியா தூக்குவாளியைக் கீழே வைத்துவிட்டு அன்னத்தைப் பார்த்தாள்.

"மீன் ஒண்ணுதான்னு நினைக்கிறேன்" என்றாள் ரசியா மெல்ல.

"எனக்கும் அப்படித்தான் தோணுது" என்றாள் அன்னம். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: "ஆனா ரசியா, நாங்க இயேசுவைக் கடவுள்னு கும்பிடுறோம். நீங்க அப்படிச் சொல்றதில்லையே."

"இல்ல. ஈஸா நபின்னா எங்களுக்கு உசுரு. ஆனா கடவுள் இல்ல. அது பெரிய வித்தியாசம்தானே?"

"பெரிய வித்தியாசம்தான்."

படகு ஒரு குலுக்குக் குலுக்கியது. மூவரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டார்கள்.

"இப்போ என்ன செய்யிறது?" என்றாள் அன்னம்.

"நீ உன் மாதிரி கேளு. நான் என் மாதிரி கேக்கிறேன்."

அன்னம் கைகளைக் கோத்துக் கண்ணை மூடினாள். ரசியா இரண்டு கைகளையும் ஏந்தினாள்.

"நான் மாரியம்மாகிட்ட சொல்லிடுறேன்" என்று செல்லமும் கும்பிட்டாள்.

மழை தூறலானது. ஆனால் மழையோடு இறங்கியிருந்த பனிமூட்டம் விலகவில்லை. படகு எதுவும் வரவில்லை. தேடுபவர்களின் குரல் எங்கோ தொலைவில் கேட்டது. மூவரும் தொண்டை வற்றக் கத்தினார்கள். தேடுபவர்களோ தாங்களே சத்தம் போட்டுக்கொண்டிருந்ததால், இவர்கள் குரல் அவர்கள் காதில் விழவில்லை.

ஒரு வீடு பூட்டியிருந்ததால் அன்னத்தின் டப்பாவில் கொஞ்சம் கேக் மீதம் இருந்தது. செல்லத்துக்கு ஒரு துண்டு கொடுத்தாள். பிறகு டப்பாவை மூடினாள்.

"நீ சாப்பிடலாம்ல. நோன்பு எனக்குத்தானே?" என்றாள் ரசியா.

"எனக்குப் பசிக்கல."

அந்த நேரம் பார்த்து அன்னத்தின் வயிறு 'கடமுடா' என்று உருண்டது. செல்லம் சிரித்தாள். அன்னமும் சிரித்துவிட்டாள். டப்பாவை மட்டும் திறக்கவில்லை.

வெளிச்சம் குறைந்துகொண்டே வந்தது. திடீரென்று ரசியா நிமிர்ந்தாள். "அன்னம்! இன்னும் கொஞ்ச நேரத்துல பள்ளிவாசல்ல முரசு அடிப்பாங்க. நோன்பு திறக்கிற நேரம்!"

"அதனால?"

"தேடுறவங்கள்ல நிறையப் பேரு நோன்பு வச்சிருப்பாங்க. முரசு கேட்டதும் துடுப்பை வச்சிட்டு ஒரு வாய் தண்ணி குடிப்பாங்க. அப்போ கத்த மாட்டாங்க. கொஞ்ச நேரம் எல்லாம் அமைதியா இருக்கும்."

அன்னத்தின் கண்கள் மின்னின. "அப்போ நாம சத்தம் போடணும்! வெறும் கத்தல் பத்தாது. அந்தத் தூக்குவாளியக் கொடு! மூணு மூணா அடிப்போம். அப்பதான் அலை இல்ல, ஆளுதான்னு தெரியும்."

துடுப்பை ஓங்கிப் பிடித்துக்கொண்டு மூவரும் காதைத் தீட்டிக் காத்திருந்தார்கள்.

தும்… தும்… தும்தும்தும்…

பனிக்குள்ளிருந்து முரசுச் சத்தம் வந்தது. தொலைவில் கேட்ட குரல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன. முரசும் நின்றது.

"இப்போ!"

டங்! டங்! டங்!

டங்! டங்! டங்!

தூக்குவாளி நசுங்கியது. அன்னத்தின் கை மரத்துப்போக, ரசியா வாங்கி அடித்தாள்.

டங்! டங்! டங்!

"ஓய்ய்ய்!" என்று பனிக்குள்ளிருந்து பதில் வந்தது.

"இங்கதான் இருக்கோம்! கேலோங்! கேலோங்!" என்று மூவரும் கத்தினார்கள்.

ரசியா அப்போதுதான் நோன்பை நினைத்தாள். டப்பா மூடியில் தேங்கியிருந்த மழைத் தண்ணீரை 'பிஸ்மில்லாஹ்' சொல்லிக் குடித்தாள். அன்னம் கேக்கைப் பாதியாகப் பிய்த்து நீட்டினாள். அவள் சாப்பிடத் தொடங்கிய பிறகுதான் தன் பங்கை வாயில் போட்டுக்கொண்டாள்.

பனியைப் பிளந்துகொண்டு பெரிய படகு ஒன்று வந்தது. பின்பக்கம் பாக் டோல்லா. முன்னால் ஒரு துடுப்பில் ருக்னுதீன். இன்னொரு துடுப்பில் வைத்தியலிங்கம்.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தினார் ருக்னுதீன்.

"கர்த்தருக்கு ஸ்தோத்திரம்!" என்று அதே நொடியில் கத்தினார் வைத்தியலிங்கம். "பிள்ளையள், காயம் ஏதும் பட்டதோ?"

"இல்லப்பா!"

மூவரையும் பெரிய படகில் தூக்கி ஏற்றி, சம்பானைப் பின்னால் கட்டிக்கொண்டார்கள். கரையை நோக்கித் துடுப்புகள் விழுந்தன. ரசியா அன்னத்தின் காதில் ஏதோ சொன்னாள். அன்னம் தலையாட்டினாள்.

"வாப்பா, மாமா, நீங்க ரெண்டு பேரும் எங்களுக்காக வேண்டிக்கிட்டீங்களா?" என்று கேட்டாள் ரசியா.

"வழி முழுக்க" என்றார் ருக்னுதீன்.

"வேறென்ன செய்யிறது பிள்ளை?" என்றார் வைத்தியலிங்கம்.

"ஒரே கடவுள்கிட்டயா, வேற வேற கடவுள்கிட்டயா?"

வைத்தியலிங்கம் துடுப்பை நிறுத்தினார். "படைச்சவர் ஒருத்தர்தானே. ஆனா நாங்கள் அவரை அறியிற விதம் இருக்குதே…"

ருக்னுதீனும் துடுப்பை நிறுத்தினார். "அங்கதான் டிரெசர் ஐயா, நான் ஒண்ணு கேக்கணும். விதம் வேறயா ஆயிட்டா…"

"நில்லும், நான் சொல்லி முடிக்கிறேன்…"

"நீங்க சொல்லுங்க, ஆனா…"

படகு மெல்லத் திரும்பிக் கடலைப் பார்த்து நகர்ந்தது. பாக் டோல்லா தலையில் கைவைத்து, "அலமாக்!" என்றார்.

செல்லம் எழுந்து நின்றாள். "மாமா! முதல்ல துடுப்பப் போடுங்க!"

இரண்டு அப்பாக்களும் திடுக்கிட்டார்கள். பிறகு படகு ஆடும்படி சிரித்துக்கொண்டே துடுப்பைப் போட்டார்கள். கரையில் விளக்குகள் அசைந்தன. யாரோ செல்லத்தின் பெயரைச் சொல்லி அழைத்தார்கள்.

"ரசியா, நாளைக்கு எங்க வீட்டுக்கு வா" என்றாள் அன்னம். "அம்மா பயத்தம் பணியாரம் சுட்டிருக்கா."

"பகல்ல சாப்பிட மாட்டேனே."

"தெரியும். பொழுது சாஞ்ச பிறகு வா. சாப்பிட்டுக்கிட்டே மிச்சச் சண்டையப் போடலாம்."

"சுரைக்கொடிதான்!" என்றாள் ரசியா.

"அதை நாளைக்குப் பார்த்துக்கலாம்" என்று அவள் கையைப் பிடித்துக்கொண்டு, படகு கரையைத் தொட்டதும் குதித்தாள் அன்னம்.