எதிர்வாசல் இணை

ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து மணிக்கு உப்புத்துறையில் யாரும் தூங்குவதில்லை. கடலோரக் கட்டடங்களிலிருந்து சனம் அரைக்கால் சட்டையோடு இறங்கிச் சாலையை நிறைத்துக்கொண்டு ஓடும். செவ்வாய்க்கு ஆறு கிலோமீட்டர், வியாழனுக்குப் பத்து, ஞாயிற்றுக்கு நீள ஓட்டம். ஐந்தாம் மாடிப் பல் டாக்டர் தொப்பையை ஒரு கையால் பிடித்தபடி ஓடுவார். விவாகரத்தாகியும் எதிரெதிர் வீட்டில் மாட்டிக்கொண்ட ஒரு ஜோடி, சாலையின் இரண்டு ஓரங்களில் ஓடும். யார் எங்கே மூச்சு வாங்கினார்கள், யார் முட்டிக்கு என்ன தைலம் தேய்க்கிறார்கள் என்பதெல்லாம் குமுதவல்லிக்கு அத்துப்படி.

அந்தக் குமுதவல்லிதான் நான்கு ஞாயிறாக ஓடப் போகவில்லை. அவளுடைய அடிக்கொலுசு மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. காலடிக் கணக்கை ஓட்ட வாரியத்துக்கு அனுப்பும் அந்தக் கருவியை மேசை விசிறியின் தலையில் கட்டிவிட்டிருந்தாள். விசிறி இடமும் வலமும் திரும்பத் திரும்ப, மணிக்குப் பத்து கிலோமீட்டர் வீதம் அவள் ஓடியதாகப் பதிவானது. இதை அவள் ஏமாற்று வேலையாக நினைக்கவில்லை. பொதுக் காரியமாக வாசலில் நிற்கும்போது காலுக்கு வேறு வேலை கொடுக்க முடியுமா?

பொதுக் காரியம் எதிர்வீட்டில் இருந்தது. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வுபெற்ற ஆரோக்கியதாஸ். தனி ஆள். குமுதவல்லி கதவுத் துளையில் கண்ணை வைத்தாள். எதிர்க்கதவு மூடியே இருந்தது. ஆனால் உள்ளே கிரைண்டர் ஓடியது. ஐந்து மணிக்கு ஆரம்பித்தது, எட்டு மணிக்குத்தான் நின்றது. ஒண்டிக்கட்டைக்கு மூன்று மணி நேரம் என்ன மாவு? நாலு வாரமாக ஒரு தோசை வாசனைகூட வந்ததில்லை. கொலுசைக் கிரைண்டர் கல்லில் கட்டிவிட்டு மனுஷன் படுத்துக் கிடக்கிறான்.

அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

காரணம் இருக்கிறது. இருபது வருடங்களுக்கு முன்பு கடல் ஊருக்குள் வந்தபோது, உயரத்தில் இருக்கும் செம்மேட்டுக்குப் போகும் ஒரே பாதையில் வண்டிகள் அடைத்துக்கொண்டன. காலால் ஓடியவர்கள்தான் பிழைத்தார்கள். அந்தப் பாதை நாற்பத்திரண்டு கிலோமீட்டர். ஓடியவர்களில் ஒருவர்கூட எதிர்வீட்டுக் கதவைத் தட்டிவிட்டு ஓடவில்லை என்று பிறகு விசாரணையில் தெரிந்தது. அதனால்தான் சட்டம் வந்தது. உப்புத்துறையில் குடியிருக்க வேண்டுமானால் வருடாவருடம் மாரத்தான் ஓடிக் காட்ட வேண்டும். அதுவும் எதிரெதிர் வாசல்காரர்கள் ஓர் இணையாக. இருவரில் பின்னால் வருகிறவரின் நேரம்தான் இருவருக்கும். தோற்றால் இரண்டு வீட்டுக்கும் சீல். இருவரும் செம்மேட்டு முகாமுக்குப் போக வேண்டியதுதான்.

தை மாதத்து ஐந்து கிலோமீட்டரிலேயே ஆரோக்கியதாஸ் இழுத்தான். பங்குனியில் நடந்த பத்தில் இன்னும் இழுத்தான். ஆனியில் அரை மாரத்தானை அவள் இரண்டு மணி பத்து நிமிடத்தில் முடித்துவிட்டு, எல்லைக்கோட்டில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மூன்று மணி நேரக் கெடு முடிய நாலு நிமிடம் இருக்கையில் அவன் வந்து சேர்ந்தான்.

"என்ன அண்ணாச்சி, வழியில யாரு கல்யாணத்துலயாவது பந்தியில உக்காந்துட்டீங்களோ?"

"உங்க வாய் ஓடுற வேகத்துக்கு என் கால் ஓடுமாம்மா?" என்றான் அவன், தண்ணீர் பாட்டிலைத் தேடியபடி.

அன்றைக்கே அவள் முடிவு செய்துவிட்டாள். இணை ஆள் வாராந்திர ஓட்டத்தில் பொய்க்கணக்குக் காட்டியதை நிரூபித்தால் இணையை முறித்துக்கொண்டு, இணை இல்லாத வேறொருவரோடு சேரலாம். நாலாம் மாடியில் நீச்சல் சொல்லித்தரும் மீனலோசனி எதிர்வீடு காலியாகி இணை இல்லாமல் இருந்தாள். அவளோடு சேர்ந்துவிட்டால் வீடு நிச்சயம். இருபத்தாறு வருடமாக இருந்த வீடு. கணவன் போன பிறகு மிச்சமிருப்பது அது ஒன்றுதான்.

திங்கட்கிழமை மனுவை அனுப்பினாள். புதன்கிழமை வாரியத்திலிருந்து அழைப்பு வந்தது. போனால், ஆரோக்கியதாஸ் ஏற்கெனவே இஸ்திரி போட்ட சட்டையில் உட்கார்ந்திருந்தான்.

விசாரணை அலுவலர் நஸ்ரீன் சின்னப் பெண். குரலில் உப்புமில்லை, உறைப்புமில்லை.

"மேடம், கிரைண்டர் மூணு மணி நேரம் ஓடுச்சுன்னு எழுதியிருக்கீங்க. எப்படித் தெரியும்?"

"என் காதால கேட்டேன். நாலு ஞாயிறும்."

"நடுவுல நிக்கவே இல்லையா?"

"ஒரு நிமிஷம் நிக்கலை. நான் வாசலை விட்டு அசையவே இல்லையே."

"எட்டு மணி வரைக்கும்?"

"எட்டு மணி வரைக்கும்" என்றாள் குமுதவல்லி, பெருமையாக.

நஸ்ரீன் திரையை அவள் பக்கம் திருப்பினாள். "அதே மூணு மணி நேரத்துல நீங்க முப்பது கிலோமீட்டர் ஓடியிருக்கீங்க. நாலு ஞாயிறும்."

பக்கத்து நாற்காலியிலிருந்து மூக்கால் ஒரு சிரிப்பு வந்தது.

"சிரிக்காதீங்க சார்" என்றாள் நஸ்ரீன். "உங்க மனுவும் திங்கட்கிழமைதான் வந்தது. படிக்கிறேன். 'எதிர்வீட்டு அம்மாள் ஞாயிறுதோறும் ஓடுவதில்லை. காலை ஐந்து முதல் எட்டு வரை மேசை விசிறி ஒரு கோடியில் டொக்கென்று இடிக்கும் சத்தம் கேட்கிறது. அவர் கதவுத் துளை இருட்டாகவே இருக்கிறது. நான் என் கதவுக்குப் பின்னால் நின்று இடைவிடாமல் கவனித்தேன்.'"

குமுதவல்லி திரும்பி அவனைப் பார்த்தாள். படுத்துக் கிடக்கவில்லையா? நாலு ஞாயிறும் அந்தக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டா இருந்தான்?

"உங்களுக்கும் நீச்சல் டீச்சர்தான் கேட்டுச்சோ?"

"பின்னே? உங்க பேச்சைக் கேட்டுக்கிட்டு இன்னொரு வருஷம் ஓடச் சொல்றீங்களா?"

"இருவர் பதிவும் ரத்து" என்றாள் நஸ்ரீன். "வெள்ளிக்கிழமை வீட்டுக்கு சீல். செம்மேட்டுல உங்களுக்கு எதிரெதிர் அறை ஒதுக்கியிருக்கோம்."

"எதிரெதிரா?"

"மனு செல்லாததால இணை முறியலை மேடம்."

அழுதால் அவன் பார்ப்பான் என்பதற்காகவே குமுதவல்லி கேட்டாள்: "வண்டி எத்தனை மணிக்கு?"

"தோத்தவங்களுக்கு வண்டி கிடையாது. நடந்துதான் போகணும்."

வெள்ளிக்கிழமை காலை ஆளுக்கொரு பையோடு இருவரும் செம்மேட்டுப் பாதையில் இறங்கினார்கள். பல் டாக்டர் மாடியிலிருந்து எட்டிப் பார்த்தார். நாளைக்குள் இந்தக் கதை எந்தெந்த வீட்டுக்கு எப்படிப் போகும் என்று குமுதவல்லிக்குத் தெரியும். வேறு யாருடையதாகவாவது இருந்தால் அவளே கொண்டுபோயிருப்பாள். ஓடப் பழகிய கால் வேகமாகப் போனது. இடைவெளி பத்து மீட்டரைத் தாண்டியதும் கொலுசு கூவியது. தோற்றவர்களின் கொலுசு, இணை பிரிந்தால் அப்படித்தான் கூவும், பின்னவர் வந்து சேரும்வரை நிற்காது. நின்று திரும்பினாள்.

ஆரோக்கியதாஸ் நடுப்பாதையில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தான். கட்டியதை அவிழ்த்தான். மறுபடி கட்டினான்.

"நாப்பது கிலோமீட்டருக்கு மேல இருக்கு அண்ணாச்சி."

"எனக்கு அவசரம் இல்லம்மா."

எதிர்வீட்டுக்காரரை விட்டுவிட்டு ஓடக் கூடாது என்பதுதான் சட்டம். நான்கு ஞாயிறும் இருவரும் அதை அட்சரம் பிசகாமல் கடைப்பிடித்திருந்தார்கள். கூவுகிற காலோடு குமுதவல்லி வெயிலில் நின்று, அவன் இரண்டாவது ஷூவுக்குக் கை கொண்டுபோவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.