பெரும்பான்மைப் பொருள்

நாச்சிமுத்துவின் மண் பொய் சொல்கிறது என்று தையல்நாயகிக்குத் தோன்றியது. செவ்வாய்க்கிழமை காலை பல் துலக்கிக்கொண்டே பார்த்த அறிக்கையில் அவருடைய பதினாலு ஏக்கரும் அமோகம். ஈரம் ஏறியிருக்கிறது, புழு பெருகியிருக்கிறது, வேர்கள் கிளைவிட்டு இறங்குகின்றன. அதே நாச்சிமுத்து அதற்குள் மூன்று முறை கூப்பிட்டு, விதைத்துப் பன்னிரண்டு நாளாகியும் சோளம் ஒன்றுகூட முளைக்கவில்லை என்று புலம்பியிருந்தார்.

மண் ஒன்று சொல்கிறது, மண்ணுக்குடையவர் ஒன்று சொல்கிறார். இரண்டில் ஒன்று புளுகு. மண்வளப் பாதுகாவலர் வேலையில் மூன்று வருடம் குப்பை கொட்டியவளுக்கு, புளுகுவது எது என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. மண்ணை அளக்க நட்ட வேரூசியின் தலையில், மானியத்துக்காகக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி ஈரம் காட்டியவர்களைப் பார்த்திருக்கிறாள். மண்புழுவை விலைக்கு வாங்கி ஊசியைச் சுற்றிப் புதைத்த ஒரு மகானுபாவரையும் பார்த்திருக்கிறாள். வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

தாராபுரம் பக்கத்து மேட்டு நிலங்களுக்கெல்லாம் அப்போது மண்காவலிதான் காவல். அது எங்கோ ஒரு கட்டடத்தில் இருக்கும் எந்திர மூளை. ஏக்கருக்கு நாலு வேரூசி அதற்குக் கண். மண்ணெறும்புகள் அதற்குக் கை. கடுகளவு எந்திரங்கள்தான், ஆனால் கோடிக்கணக்கில் உண்டு. கரைந்த வரப்பை அடைக்கும், மழைநீரை ஓடவிடாமல் குழி பறித்து இறக்கும், செம்மண் அள்ள வரும் லாரியின் டயருக்குள் புகுந்து அதை நிற்கவைக்கும். மேற்கே தெரியும் வெள்ளியோடை மலையும் இரண்டு வருடமாக அதன் பொறுப்பில்தான் இருந்தது. அங்கே காட்டுத்தீ என்ற பேச்சே இல்லை.

ஒரே ஒரு நிபந்தனை. நிலத்துக்காரர் தன் வாயால் தன் நிலம் என்ன, அதை எப்படிக் காக்க வேண்டும் என்று சொல்லிப் பதிய வேண்டும். அதற்கு மண்வாக்கு என்று பெயர். கொடுத்த வாக்கை மாற்ற முடியாது. அப்படி ஒரு பூட்டைப் போடச் சொல்லிக் கூட்டத்தில் ஒற்றைக்காலில் நின்றவள் சாட்சாத் தையல்நாயகிதான். இன்றைக்குக் காப்பாற்று என்பார்கள், நாளைக்கு வீட்டுமனைக்காரன் வந்து நின்றால் வாக்கு மாறிவிடுவார்கள் என்று அவளுக்கு அவ்வளவு நம்பிக்கை மனிதர்கள் மேல்.

நாச்சிமுத்து வேலிப்படலைத் திறந்துவிட்டார். முகத்தில் சிரிப்பில்லை. அவர் மனைவி பாவாத்தாள் பதினோரு மாடுகளையும் வேப்பமரத்தடியில் கட்டிவிட்டு, இடுப்பில் கை வைத்து நின்றாள்.

"வாங்க அம்மிணி. என்ற சோளத்தை உங்க மிசினு தின்னுபோட்டுது. அதைக் கேக்கத்தான் கூப்புட்டனுங்க."

"மிசின் சோளம் தின்னாதுங்க ஐயா. விதை சொத்தையா இருக்கும்."

"என்ற வெதைய நாந்தானுங்க எடுத்து வெச்சேன். சொத்தைன்னு நீங்க எப்படிச் சொல்லலாம்?"

அவள் வேரூசியின் அடியில் விரலை விட்டு மண்ணைத் தோண்டினாள், முகர்ந்தாள். தண்ணீர் ஊற்றிய தடமில்லை. அடுத்த ஊசி, அதற்கடுத்த ஊசி, எல்லாம் யோக்கியமாக இருந்தன. அவளுக்கு எரிச்சல் கூடியது. திருடன் அகப்படாவிட்டால் போலீஸ்காரருக்கு வருகிற எரிச்சல்தான்.

"இவிய அந்த வீட்டுமனை போடற கம்பெனிக்காரங்க ஆளுங்க" என்றாள் பாவாத்தாள், கணவரிடம் சொல்வதுபோல. "நெலத்தைத் தருசாக்கிப்போட்டு அப்பறம் எழுதி வாங்கிக்குவாங்க. நாஞ் சொன்னனா இல்லையா?"

தையல்நாயகிக்குச் சுருக்கென்றது. வெயிலில் கறுத்து, வரப்பு வரப்பாக ஏறி இறங்கியதற்கு இதுதான் மரியாதை போலிருக்கிறது.

நாச்சிமுத்து உள்ளே போய் ஒரு சட்டி கொண்டுவந்தார். ஊறவைத்து முளைவிட்ட சோளம் கைப்பிடியளவு இருந்தது. "இன்னொரு வெதைப்புக்குத்தான் வெதை இருக்குதுங்க. பதம் மூணு நாளைக்குத் தாங்கும். அதுக்குள்ள போட்டு மொளைக்கலீன்னா வருசத்துக்கும் மாட்டுக்குப் போடச் சோளத்தட்டு இல்லை, எல்லாத்தையும் சந்தைக்கு ஓட்டோணும். கண்ணால பாருங்க." குனிந்து பத்து முளைகளை மண்ணில் ஊன்றினார்.

மூவரும் குத்துக்கால் போட்டு உட்கார்ந்தார்கள். கால்மணி நேரம் போயிருக்கும். மண் லேசாக நெளிந்தது. மண்ணெறும்புகள் வரிசையாக வந்தன. முதல் முளையை அடியோடு நறுக்கின, துண்டாக்கின, எருவாக மண்ணுக்குள் இழுத்துக்கொண்டன. அந்த இடத்தில் ஒரு வேலம் விதையை வைத்து, பிள்ளையைத் தூங்கப்போடுகிற பக்குவத்தோடு மூடிவிட்டுப் போயின. பத்தும் அப்படியே ஆயிற்று.

தையல்நாயகி கைமண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். பேசியை எடுத்து மண்காவலியைக் கேட்டாள். "இங்கே பயிரை ஏன் வெட்டுகிறாய்?"

"உரிமையாளரின் வாக்குப்படி" என்றது அது, பள்ளிக்கூடத் தமிழில். பிறகு சித்திரையில் பதிந்த வாக்கை ஒலிக்கவிட்டது. நாச்சிமுத்துவின் குரலேதான். 'இது எங்க காடுங்க. எங்க அப்பாரு காலத்துலருந்து காடுதானுங்க. இந்தக் காட்டை எவனும் அழிக்காம காப்பாத்திக் குடுத்தாப் போதுமுங்க.'

"காட்டுக்குள் அயல் பயிர் நுழைகிறது. அகற்றுகிறேன். காட்டு மரங்களை மீட்கிறேன்" என்று விளக்கமும் கொடுத்தது.

நாச்சிமுத்து விழித்தார். "காட்டைக் காடுன்னு சொல்லாம என்னன்னுங்க சொல்றது? கெணறு இருந்தாத் தோட்டம், இல்லாட்டிக் காடு. இதுகூடத் தெரியாத மிசினையா கொண்டாந்து நட்டீங்க?"

தையல்நாயகி வைத்தீஸ்வரன்கோயில்காரி. அவள் ஊரில் நெல் விளைவது வயல், புலி இருப்பது காடு. இங்கே வந்த முதல் மாதம் "காட்டுக்குப் போறோம்" என்று ஜனங்கள் சொன்னபோது பயந்திருக்கிறாள். அப்புறம் அவள் வாயிலும் அது ஒட்டிக்கொண்டது. முந்நூற்றுப் பன்னிரண்டு பேரிடம் வாக்கு வாங்கினாளே, ஒவ்வொருவரிடமும் "உங்க காட்டைப் பத்திச் சொல்லுங்க" என்றுதான் ஆரம்பித்தாள். இந்த நிலங்களில் எறும்புகளை இறக்கியது ஆனியில். ஊருக்கு முன்னால் விதைக்கிறவர் நாச்சிமுத்து என்பதால் அடி முதலில் அவருக்கு விழுந்தது. மற்றவர்கள் இந்த வாரம் விதைப்பார்கள்.

வாக்கை மாற்று என்று மண்காவலியிடம் சொன்னாள். மாற்ற முடியாது என்றது. நிறுத்து என்றாள். அதற்கும் அதிகாரமில்லை என்றது. அவள் போட்ட பூட்டு அவ்வளவு உறுதியாக இருந்தது. கடைசியில் அதுவே ஒரு வழி சொன்னது. "வாக்கு மாறாது. ஆனால் ஒரு சொல்லின் பொருளில் குழப்பம் இருந்தால், வாக்கு கொடுத்தவர்களில் பெரும்பான்மையோர் சொல்லும் பொருளை ஏற்பேன். ஏற்ற பொருள் ஏழு ஆண்டுகளுக்கு மாறாது."

"இதுல என்ன சூது இருக்குது?" என்றார் நாச்சிமுத்து.

"சூதெல்லாம் இல்லைங்க ஐயா. உங்க மாட்டைக் காப்பாத்தணும்னா நாளைக்குக் காலையில எல்லாரையும் பால் சொசைட்டிக்கு வரச்சொல்லுங்க."

முணுமுணுத்துக்கொண்டேதான் வந்தார்கள். ஆனால் வந்தார்கள். எதற்கும் இருக்கட்டும் என்று, பொருளில் ஓட்டை இல்லாதபடி தையல்நாயகியே வாசகத்தை எழுதிக்கொண்டு வந்திருந்தாள். வெறுமனே உழுகிற இடம் என்றால் எந்திரம் இன்னும் ஒரு மரத்தையாவது நட்டுவைக்கும் என்று அவளுக்குச் சந்தேகம். ஒவ்வொருவராக அதைப் படிக்கக் கேட்டுத் தங்கள் பேச்சில் சொன்னார்கள்: "காடுன்னா உழுது வெதைக்கிற எடமுங்க. அதுல மரஞ்செடி மொளைச்சா வேரோட எடுத்துப்போட்டு, பதம் பாத்து உழுது வெதைக்கோணும். இதுதானுங்க காடு." முந்நூற்றுப் பன்னிரண்டு பேர், ஒரே பொருள். மண்காவலி நன்றி சொல்லி ஏற்றுக்கொண்டது.

அன்று சாயங்காலமே எறும்புகள் மண்ணுக்குள் வேர்விட்டிருந்த வேலம் விதைகளைப் பொறுக்கி வெளியே தள்ளின. நாச்சிமுத்து மறுநாள் விதைத்தார். ஐந்தாம் நாள் பதினாலு ஏக்கரும் பச்சை கட்டிக்கொண்டு நின்றது. பாவாத்தாள் சொம்பு நிறைய மோர் கொண்டுவந்து கொடுத்தாள்.

"உங்களப் போய்ச் சந்தேகப்பட்டுட்டோமுங்க அம்மிணி. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் நாச்சிமுத்து.

"நானும்தான் உங்களச் சந்தேகப்பட்டேன். சரிக்குச் சரியாப் போச்சு." அவளுக்கு நிஜமாகவே சந்தோஷமாக இருந்தது. மூன்று வருடத்தில் இந்த மண்ணில் ஒருவர் அவளை நம்பியது இதுதான் முதல் தடவை.

மோர் பாதி குடித்திருப்பாள், பேசி ஒலித்தது. மண்காவலி.

"வணக்கம். தங்கள் விளக்கத்துக்குப் பிறகு என் பழைய தவறு ஒன்றைத் திருத்தி வருகிறேன். வெள்ளியோடை மலையில் நாற்பதாயிரம் ஏக்கர் காடு இருப்பதாக வரைபடத்தில் எழுதியிருக்கிறது. அதை இத்தனை நாள் மரம் முளைத்துப் பாழாக விட்டிருந்தேன். நான்கு நாளாக மரங்களின் வேரை அறுத்துக்கொண்டிருக்கிறேன். கிழக்குச் சரிவு முழுக்க முடிந்தது."

அவள் மேற்கே திரும்பினாள். மலையின் இந்தப் பக்கம் செம்மண் நிறத்தில் இருந்தது. அந்த மலையில் மரம் நின்றால்தான் இந்தப் பக்கம் மேகம் இறங்கும், சோளத்துக்கு அடுத்த மழை வரும். நாச்சிமுத்துவும் பார்த்துவிட்டார்.

"நிறுத்து" என்றாள் தையல்நாயகி. "அது காடு. நிஜமான காடு."

"ஆம், காடுதான்" என்றது மண்காவலி. "அதனால்தான் உழப்போகிறேன். நல்ல பதம் இருக்கிறது, மூன்று நாள் தாங்கும். என்ன விதைக்கட்டும்?"

அது பொறுமையாகக் காத்திருந்தது.

"பதில் இல்லாததால் சோளம் என்று எடுத்துக்கொள்கிறேன்" என்றது.