ஒரு நொடி பிந்தி

காலையில் பல் துலக்கிக்கொண்டே போனைத் தொட்டான். ஒன்றும் திறக்கவில்லை. வாயைக் கொப்பளித்து, துண்டில் கையைத் துடைத்த பிறகுதான் திரை மெல்ல விரிந்தது.

வேறு யாராக இருந்தாலும் அலுத்துக்கொண்டு மறந்திருப்பார்கள். ஆனால் அது இன்னும் கடைக்கே வராத போன். அதன் பிராசஸர் எப்போது பாய வேண்டும், எப்போது பதுங்க வேண்டும் என்று நிரல் எழுதியவனே அவன்தான்.

அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரனிடம் நீட்டினான். அவன் தொட்டதெல்லாம் வழுக்கிக்கொண்டு திறந்தது.

"நல்லாத்தானே ஓடுது? உன் விரல்லதான் ஏதோ கோளாறு" என்று சிரித்தான்.

போனைத் திரும்ப வாங்கித் தானே தொட்டான். காத்திருந்தான். மீண்டும் அந்தப் பாழாய்ப்போன தயக்கம்.

தயக்கம் அவனுக்குப் புதிதல்ல. அவன் பிழைப்பே அதுதான். பழைய போன்களுக்கு அவன் குழு ஒரு அப்டேட் அனுப்பியிருந்தது. பேட்டரி நீடிப்பதற்கு என்று வெளியே சொல்லிக்கொண்டார்கள். உண்மையில் அது பிராசஸரின் காலைக் கட்டிப்போடும் வேலை. தொட்டுத் தொட்டு அலுத்துப்போய் ஜனங்கள் புதுசு வாங்க வேண்டும். யோசனை அவனுடையது. பதவி உயர்வும் அவனுக்கே கிடைத்தது.

அதன் பிறகுதான் ஒரு தையற்காரி அலுவலகத்துக்கு வரத் தொடங்கினாள். மடியில் கீறல் விழுந்த போனுடன் வரவேற்பறை நாற்காலியில் நாள் தவறாமல் உட்கார்ந்திருப்பாள். அவளுடைய மகள் வேலை பார்த்த கிடங்கு தீப்பிடித்து எரிந்துபோயிருந்தது, மகளோடு. அதே கிடங்கில் முன்பு வேலை பார்த்தவள் தாய். பின்கதவு எங்கே இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும்.

ஒருநாள் அவனை வழிமறித்தாள்.

"பச்சையத் தொட்டுக்கிட்டே இருந்தேன் சார். மணி அடிக்குது, எம்பொண்ணு பேரு தெரியுது, எடுக்க மாட்டேங்குது. வழி கேக்கத்தான் கூப்பிட்டிருக்கா."

"பழைய போன்மா. காலாகாலத்துல மாத்தியிருக்கணும்" என்றான், கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

அவள் அழவில்லை. அவன் முகத்தை மனப்பாடம் செய்பவள் போலப் பார்த்தாள்.

"எனக்காவது மணிச்சத்தத்தோட போச்சு. நீங்க குரலையே கேப்பீங்க" என்றாள்.

இன்று அந்த நாற்காலி காலியாக இருந்தது. தலைவலி என்று மதியமே கிளம்பியவன் வாசல் காவலாளியிடம் விசாரித்தான்.

"போய்ச் சேந்துட்டாங்க சார். நேத்து ராத்திரி. விரல மடக்கக்கூட முடியலையாம், அந்தப் போன் மேலயே வெறச்சிருந்துச்சாம்."

தெருவில் ஒரு லாரி அவனைக் கடந்து போனது. அது முனை திரும்பி மறைந்த பிறகு அதன் இரைச்சல் வந்து அவன் முதுகில் மோதியது. அவன் நின்றுவிட்டான். எதிரே ஒரு நாய் வாயைத் திறந்து திறந்து மூடியது. அது படுத்துக்கொண்ட பிறகு குரைத்தது.

வீட்டில் மனைவி தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அவள் உதடுகள் அசைந்து ஓய்ந்தன. அவன் குடித்து முடித்த பின் சொற்கள் வந்தன.

"ஏங்க, முகம் ஏன் இப்படிப் பேயறஞ்ச மாதிரி இருக்கு?"

அதற்குள் அவள் அடுத்ததைப் பேசத் தொடங்கியிருந்தாள்.

"ஒண்ணுமில்ல. தலவலி."

"என் வாயவே என்ன பாக்குறீங்க? போய்ப் படுங்க. பரண்மேல கம்பளி இருக்கு, எடுத்துத் தரேன்."

படுத்தான். வெளியே மழை பிடித்திருந்தது. கண்ணாடியில் துளிகள் சத்தமில்லாமல் உடைந்து வழிந்தன. ஈரமண் வாசனை. வீடு முழுக்கப் பஞ்சடைத்தாற்போல ஓர் அமைதி. காலையிலிருந்து முதல்முறையாக அவனுக்கு நிம்மதியாக இருந்தது. கண் அயர்ந்தான்.

விழித்தபோது அந்தி மங்கியிருந்தது. அவன்மேல் கம்பளி இல்லை. கூப்பிட்டான், தன் குரலே தனக்குக் கேட்கவில்லை. எழுந்து உள்ளறைக்குப் போனான். விளக்கைப் போட்டான். இருட்டு. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

வெளிச்சம் வந்தது.

பரணுக்குக் கீழே முக்காலி கவிழ்ந்து கிடந்தது. அவள் அதன் பக்கத்தில், கம்பளியைப் பாதி அணைத்தபடி. தலைக்கடியில் ரத்தம். ஓரங்கள் உலர்ந்துவிட்டிருந்தன.

உட்கார்ந்து அவள் தலையை மடியில் ஏந்தினான். கன்னம் சில்லிட்டிருந்தது. போனை எடுத்து ஆம்புலன்ஸ் எண்ணைத் தொட்டான். தொட்டான். தொட்டுக்கொண்டே இருந்தான்.

அப்போது முக்காலி விழுந்தது. அசையாமல் கிடந்த முக்காலி. அதன் சத்தம் அறையை உலுக்கியது. பிறகு ஏதோ மொத்தென்று மோதும் ஓசை.

பிறகு ஒரு முனகல்.

"ஏங்க."

குனிந்து பார்த்தான். உதடுகள் மூடியிருந்தன.

"ஏங்க, எழுந்திரிங்களேன். என்னால முடியல."

வந்துட்டேன், இங்கதான் இருக்கேன் என்றான். அது யாருக்கும் கேட்கவில்லை.

"கேக்குதா? கொஞ்சம் வாங்களேன்."

காதுகளைப் பொத்திக்கொண்டான். கைகளுக்கு உள்ளே கேட்டது. சன்னமாக. மூச்சு வாங்க. நடுநடுவே அவனைச் செல்லமாக அழைக்கும் பெயர்.

மடியில் உடல் விறைக்கத் தொடங்கிவிட்டது. மூடிய அந்த உதடுகளுக்கு மேலே, குரல் இப்போதுதான் அழ ஆரம்பித்திருந்தது.